காலில் செதில் உதிர்கிறதா? பீர்க்கங்காய் நாரை எடுத்து வைத்துவிட்டு இதைப் படியுங்கள்

“தோலே காஞ்சு உதிருது. அதுமேல போயி ஆசிட் பூசச் சொல்றியே கண்ணு?” என்று அத்தை கேட்டார். கேட்க வேண்டிய கேள்விதான். ஆசிட் என்றதும் கழிவறை கழுவும் புட்டியும், செய்தித்தாளில் படித்த கொடுமைகளும்தான் நம் நினைவுக்கு வரும். போதாக்குறைக்கு, தோலுக்கான அமிலங்களை இன்று விற்கிறவர்கள் கண்ணாடி போன்ற முகம், ஒரே இரவில் பளபளப்பு என்றுதான் விளம்பரம் செய்கிறார்கள். மார்கழியில் முழங்காலுக்குக் கீழே சாம்பல் பூத்ததுபோல் வெளுத்து, இருட்டு நிற பேண்ட்டைக் கழற்றினால் உள்பக்கம் முழுக்கத் துகள் ஒட்டியிருக்கும் மனிதர்களுக்கு, அது தங்களுக்கான பொருள் என்று தோன்றுவதே இல்லை.

உண்மை அதற்கு நேர்மாறானது. இந்த அமிலங்கள் மருத்துவத்துக்குள் நுழைந்ததே வறண்டு செதிலாகும் தோலுக்காகத்தான். முகப்பொலிவெல்லாம் பின்னால் வந்து ஒட்டிக்கொண்டது. அத்தைக்கு அன்றைக்குச் சொன்னதையும், நேரம் போதாமல் சொல்லாமல் விட்டதையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

முதலில் தோல் ஏன் உதிர்கிறது என்று பார்த்துவிடலாம். நன்றாக இருக்கும் தோலும் தினமும் உதிர்ந்துகொண்டுதான் இருக்கிறது, நம் கண்ணுக்குத்தான் தெரிவதில்லை. தோலின் மேலடுக்கில் உயிரற்ற, தட்டையான செல்கள் பதினைந்து இருபது வரிசையாக அடுக்கப்பட்டிருக்கும். ஒவ்வொரு செல்லும் பக்கத்துச் செல்லோடு புரதக் கட்டுகளால் பிணைந்திருக்கும். அடியிலிருந்து ஒரு செல் மேலே வந்து சேர ஏறக்குறைய இரண்டு வாரம் ஆகும். மேலே வந்ததும் அந்தக் கட்டுகளைச் சில நொதிகள் வெட்டிவிட, செல் தனியாகக் கழன்று போகும். ஒற்றைச் செல் என்பதால் யாருக்கும் தெரியாது.

அந்த நொதிகள் வேலை செய்யத் தண்ணீர் வேண்டும். வறட்சியின் முழுக்கதையும் இங்கேதான் இருக்கிறது. மேலடுக்கில் ஈரம் குறைந்தால் நொதிகள் முடங்கிவிடுகின்றன, கட்டுகள் அறுபடுவதில்லை. கீழிருந்து புதுச் செல்கள் வந்துகொண்டே இருக்க, பழையவை போகாமல் தேங்கி, நூற்றுக்கணக்கில் ஒன்றாக ஒட்டிக்கொண்டு தகடு தகடாகப் பெயர்கின்றன. அதைத்தான் நாம் செதில் என்கிறோம். அதாவது, வறண்ட தோல் அதிகமாக உதிர்வதாக நமக்குத் தோன்றினாலும், அது சரியாக உதிர முடியாமல் தவித்துக்கொண்டிருக்கிறது.

இதைப் புரிந்துகொண்டால் பீர்க்கங்காய் நாரையும் கல்லையும் வைத்துத் தேய்ப்பது ஏன் உதவாது என்பதும் புரியும். தேய்த்தால் மேலே தூக்கிக்கொண்டு நிற்கும் தகடு போய்விடும். அன்று மாலைவரை கால் வழவழப்பாக இருக்கும். ஆனால் அடியில் அறுபடாத கட்டுகள் அப்படியே இருக்கின்றன. அழுத்தித் தேய்த்ததில், ஈரத்தை உள்ளே நிறுத்தி வைக்கும் கொழுப்பும் சேர்ந்து போகிறது. மறுநாள் இன்னும் அதிகமாக வெளுக்கும், இன்னும் அழுத்தித் தேய்ப்போம்.

அமிலம் இந்தக் கட்டுகளில்தான் வேலை செய்கிறது. அமெரிக்காவில் பிலடெல்பியா நகரில் தோல் மருத்துவர் யூஜின் வான் ஸ்காட், வேதியியலாளர் ரூயி யூ என்று இருவர் இருந்தார்கள். இக்தியோசிஸ் என்ற பரம்பரை நோயாளிகளுக்கு மருந்து தேடிக்கொண்டிருந்தார்கள். உடல் முழுக்க மீன் செதில்போல் தோல் தடித்து வெடிக்கும் நோய் அது. அறுபதுக்கும் மேற்பட்ட பொருட்களைப் பூசிப் பார்த்ததில், பழங்களிலும் பாலிலும் கரும்பிலும் இருக்கும் ஒரு குடும்பத்து அமிலங்கள்தான் செதிலை இறக்கின. கிளைக்காலிக், லாக்டிக், சிட்ரிக், மாலிக் போன்றவை. ஏ.எச்.ஏ. என்று இன்று பாட்டில்களில் அச்சாகும் பெயர் இந்தக் குடும்பத்துடையதுதான். 1974இல் அந்த முடிவுகளை வெளியிட்டார்கள். பிறகு அவர்கள் கண்டது இன்னும் முக்கியமானது: இந்த அமிலங்கள் மேலே இருக்கும் தோலை எரித்து உரிப்பதில்லை. இறந்த செல் அடுக்கின் அடிப்பகுதிக்குப் போய், அங்கே புதிதாக உருவாகும் செல்களின் பிடிப்பைத் தளர்த்துகின்றன. மேலே உள்ள தடித்த தகடு அடியிலிருந்து கழன்று வருகிறது. சரியான அளவில் பூசினால் எரிச்சலோ புண்ணோ இல்லாமல் இது நடக்கும் என்பதுதான் அத்தையின் கேள்விக்கு நான் சொன்ன பதில்.

ஆனால் எல்லா அமிலமும் வறண்ட தோலுக்கு ஒன்றல்ல. என் கருத்தை நேராகச் சொல்லிவிடுகிறேன்: உதிரும் தோலுக்கு முதலில் கையில் எடுக்க வேண்டியது லாக்டிக் அமிலம், அதுவும் கிரீமாகவோ லோஷனாகவோ இருப்பது. சீரமோ டோனரோ பீலிங் கரைசலோ அல்ல.

காரணம் இருக்கிறது. லாக்டிக் அமிலம் நம் தோலுக்கு வெளியாள் இல்லை. தோலின் மேலடுக்கு, தண்ணீரைப் பிடித்துவைக்கத் தனக்கென்று ஒரு கலவையைத் தயாரித்து வைத்திருக்கிறது. அதில் பெரும்பங்கு அமினோ அமிலங்கள். அடுத்து சுமார் 12 சதவீதம் லாக்டிக் அமிலத்தின் உப்பு, சுமார் 7 சதவீதம் யூரியா. வறண்ட தோலில் இந்தக் கலவைதான் குறைந்துபோயிருக்கும். ஆகவே லாக்டிக் அமிலம் பூசும்போது செதிலைத் தளர்த்தும் வேலையும், குறைந்துபோன ஈரப்பிடிப்பைத் திருப்பிக் கொடுக்கும் வேலையும் ஒரே பொருளால் நடக்கிறது. 1996இல் வெளியான ஓர் ஆய்வு இன்னும் ஒரு படி போனது: லாக்டிக் அமிலத்தின் இரண்டு வடிவங்களில் எல் வடிவம், தோல் தன் செராமைடு கொழுப்பை அதிகமாகத் தயாரிக்கத் தூண்டுவதை அதில் பார்த்தார்கள். செராமைடுதான் செல்களுக்கு இடையே நின்று ஈரம் வெளியேறாமல் காப்பது.

அமெரிக்காவில் 12 சதவீத லாக்டிக் அமிலத்தை அம்மோனியாவால் ஓரளவு நடுநிலையாக்கிய லோஷன் 1980களிலேயே வறட்சிக்கும் இக்தியோசிஸுக்கும் மருந்தாக அங்கீகாரம் பெற்றுவிட்டது. நம்மூர் மருந்துக்கடைகளில் யூரியாவும் லாக்டிக் அமிலமும் சேர்ந்த கிரீம்கள் பல வருடங்களாக இருக்கின்றன. பகட்டில்லாத டியூபில், மருந்து வாடையோடு, தோல் மருத்துவர் எழுதிக்கொடுக்கும் சீட்டில் மட்டும் வாழ்ந்துகொண்டிருக்கும் பொருட்கள். ஆயிரக்கணக்கில் கொட்டி வாங்கும் கண்ணாடிப் புட்டிகளை விட, காலுக்கும் கைக்கும் இவைதான் சரி என்பது என் உறுதியான எண்ணம்.

யூரியா அமிலம் இல்லை. ஆனாலும் இந்தப் பேச்சில் அதை விட முடியாது. 10 சதவீதம் வரை இருந்தால் ஈரத்தைப் பிடித்துவைக்கும். 20க்கு மேல் போனால் தடித்த தோலை இளக்கத் தொடங்கும். 40 சதவீதம் என்பது குதிகால், தடித்த நகம் போன்றவற்றுக்கானது. பித்தவெடிப்புக்கு இரவில் யூரியா கிரீம் பூசி, மேலே சாக்ஸ் போட்டுக்கொண்டு படுப்பது போல எளிய வைத்தியம் வேறில்லை. வெடிப்பில் ரத்தம் கசிந்தால் மட்டும் அது ஆறும்வரை வாசலினோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

கிளைக்காலிக் அமிலம் இந்தக் குடும்பத்திலேயே மிகச் சிறிய மூலக்கூறு. அதனால் வேகமாக உள்ளே போகும், எரிச்சலும் அதிகம். எண்ணெய்ப் பசையுள்ள தோல் அதைத் தாங்கும். காய்ந்து விரிசல் விட்டிருக்கும் தோலில் அதைக் கொண்டுபோய் முதல் மருந்தாக வைக்கத் தேவையில்லை. சாலிசிலிக் அமிலம் வேறு குடும்பம், பி.எச்.ஏ. என்பார்கள். எண்ணெயில் கரையும், ஆகவே முகப்பருவுக்கும் பொடுகுக்கும் உகந்தது. 3 முதல் 6 சதவீதக் களிம்பாக சோரியாசிஸ் செதிலை இளக்கவும் மருத்துவர்கள் தருவார்கள். ஆனால் உடம்பு முழுக்கப் பூசும் பொருளல்ல அது. தோல் வழியாக ரத்தத்தில் சேர்ந்து காதில் இரைச்சல், குமட்டல், மூச்சு வாங்குதல் என்று நஞ்சாக மாறலாம், குழந்தைகளுக்கு ஆபத்து இன்னும் அதிகம். ஆஸ்பிரின் ஒவ்வாதவர்களும் தள்ளி நிற்க வேண்டும். எதைப் பூசினாலும் எரிகிற தோல் என்றால் குளுக்கோனோலாக்டோன் என்ற பெயரைத் தேடிப் பாருங்கள். மூலக்கூறு பெரிது, மெல்ல நுழையும், கூடவே நீரையும் இழுத்து வைக்கும்.

சதவீதத்தை மட்டும் பார்த்து வாங்குகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. 10 சதவீதம் என்று போட்ட இரண்டு பாட்டில்கள் ஒரே பலம் கொண்டவையாக இருக்க வேண்டியதில்லை. பி.எச். அளவுதான் தீர்மானிக்கிறது. லாக்டிக், கிளைக்காலிக் இரண்டுக்கும் பி.எச். 3.8 அருகே இருக்கும்போது பாதி அமிலம் விடுபட்ட நிலையில் இருக்கும். அந்தப் பாதிதான் தோலுக்குள் எளிதாக நுழைவது. பி.எச். ஏற ஏற அது குறையும், எரிச்சலும் குறையும். வீட்டில் பயன்படுத்தும் பொருளில் ஏ.எச்.ஏ. 10 சதவீதத்துக்கு மிகாமலும் பி.எச். 3.5க்குக் குறையாமலும் இருக்க வேண்டும் என்று அமெரிக்க அழகுசாதன நிபுணர் குழு 1998இல் வரம்பு சொன்னது. 30 சதவீதம் என்று எழுதி, பத்து நிமிடத்தில் கழுவிவிடச் சொல்லும் சிவப்புக் கரைசல்கள் வறண்ட தோல்காரர்களுக்கு வேண்டவே வேண்டாம்.

“அப்ப தயிர் பூசுனா ஆகாதா?” இதுவும் அத்தை கேட்டதுதான். தயிரில் இருப்பதும் லாக்டிக் அமிலம்தான். 1780இல் கார்ல் ஷீலே என்ற ஸ்வீடன் வேதியியலாளர் இந்த அமிலத்தை முதன்முதலில் பிரித்தெடுத்ததே புளித்த பாலிலிருந்து. ஆனால் தயிரில் அது சுமார் ஒரு சதவீதம்தான் இருக்கும், கால் மணி நேரத்தில் கழுவியும் விடுகிறோம். கெடுதல் இல்லை, கொஞ்சம் மிருதுவாக இருக்கும். கட்டிப்பட்ட செதிலை இறக்க அது போதாது. எலுமிச்சம்பழத்தைத் தேய்ப்பதை மட்டும் கெஞ்சிக் கேட்டு நிறுத்தச் சொல்வேன். அதன் பி.எச். 2 பக்கம், தோலுக்குத் தாங்காத புளிப்பு. அதோடு எலுமிச்சை வகைப் பழங்களின் தோலில் வெயில் பட்டால் கொப்புளமும் கருந்திட்டும் உண்டாக்கும் பொருட்கள் இருக்கின்றன.

தேங்காயெண்ணெய் விஷயத்தில் பாட்டிகள் பக்கம் நிற்கிறேன். பிலிப்பைன்ஸில் நடந்து 2004இல் வெளியான ஒப்பீட்டு ஆய்வில், மிதமான வறட்சிக்குத் தேங்காயெண்ணெயும் மினரல் ஆயிலும் சமமாகவே பயன் தந்தன. எண்ணெய் ஈரத்தை அடைத்து வைக்கும். ஏற்கெனவே ஒட்டிக்கொண்டு நிற்கும் தகட்டைக் கழற்றாது, அவ்வளவுதான். எண்ணெய் பூசிய அன்று கால் மினுங்கிவிட்டு, அடுத்த நாள் மறுபடி வெளுப்பது அதனால்தான். இரண்டையும் சேர்த்தால் நன்றாக இருக்கும்: அடியில் அமிலக் கிரீம், மேலே எண்ணெய்.

இனி செய்முறை. கோவைப் பக்கத்து மார்கழியில், ஹீட்டரில் கொதிக்கும் தண்ணீரும் உப்பு நிறைந்த போர் தண்ணீரும் கட்டிச் சோப்பும் சேர்ந்து தோலை என்ன செய்யும் என்பதைப் பல குளிர்காலங்களாகப் பார்த்து வருகிறேன். தோலின் இயல்பான பி.எச். 5 பக்கம். கட்டிச் சோப்பு 9, 10 என்று இருக்கும். காரம் ஏறினால் கொழுப்பு கரைந்து போகும், கடினநீரில் சோப்பு முழுதாகக் கழுவப்படாமல் படிந்தும் நிற்கும். இதைச் சரிசெய்யாமல் எந்தக் கிரீமும் நிலைக்காது. வெதுவெதுப்பான தண்ணீர், பத்து நிமிடத்துக்குள் குளியல், அக்குளுக்கும் இடுக்குகளுக்கும் பாதத்துக்கும் மட்டும் சோப்பு. கால்களின் முன்பக்கத்துக்குத் தினமும் சோப்பு போட வேண்டிய அவசியமே இல்லை.

துண்டால் ஒற்றியெடுத்துவிட்டு, தோலில் லேசான ஈரம் இருக்கும்போதே கிரீமைப் பூசுங்கள். இரவுக் குளியலுக்குப் பிறகு என்றால் இன்னும் நல்லது. முதல் வாரம் ஒரு நாள் விட்டு ஒரு நாள். ஓரிரு நிமிடம் சுருக்கென்று இருப்பது சாதாரணம். அது நிற்காமல் எரிந்தால், சிவந்தால் கழுவிவிட்டு வெறும் வாசலின் பூசி, இரண்டு மூன்று நாள் அமிலத்தை மறந்துவிடுங்கள். ஷேவ் செய்த அன்றும் வாக்ஸிங் செய்த அன்றும் வேண்டாம். கீறல், சொறிந்த புண், வெடிப்பு உள்ள இடங்களைத் தவிர்த்துப் பூசுங்கள். பத்து நிமிடம் கழித்து மேலே தேங்காயெண்ணெயோ வாசலினோ. தாங்கிக்கொள்கிறது என்று தெரிந்தால் தினமும். செதில் அடுக்கு மேலே வந்து கழல ஏறக்குறைய இரண்டு வாரம் ஆகும் என்று மேலே சொன்னேன் அல்லவா, அந்தக் காலத்தைக் கொடுங்கள். நாலு நாளில் பலனில்லை என்று அளவை இரட்டிப்பாக்குகிறவர்களுக்குத்தான் தோல் புண்ணாகிறது.

மேல்கையின் பின்பக்கம் வாத்துத் தோல்போல் புள்ளிப் புள்ளியாகச் சொரசொரப்பு இருக்கிறவர்களுக்கும் இதே முறைதான். மயிர்க்கால்களில் கெரட்டின் அடைத்துக்கொள்வதால் வருவது அது, தேய்த்தால் சிவக்கும், போகாது.

முகம் என்றால் நான் மிகவும் தயங்குவேன். காலுக்குப் பூசும் 12 சதவீதத்தை முகத்துக்குக் கொண்டுபோகாதீர்கள். 1977இல் ஃப்ராஷ், கிளிக்மன் என்ற இரு ஆய்வாளர்கள், எளிதில் எரிச்சலடையும் தோல் யாருக்கு இருக்கிறது என்று கண்டுபிடிக்க மூக்கோரத்து மடிப்பில் பூசிப் பார்த்ததே லாக்டிக் அமிலத்தைத்தான். முகத்தில் அந்த மடிப்பு அவ்வளவு நுட்பமான இடம். முகம் உரிந்தால் முதலில் ஃபேஸ்வாஷை மாற்றி, செராமைடு உள்ள மாய்ஸ்சரைசரைச் சில வாரம் பூசிப் பாருங்கள். பாதிப் பேருக்கு அதிலேயே சரியாகும் என்று நான் நம்புகிறேன். அதன் பிறகும் சொரசொரப்பு இருந்தால் 5 சதவீத லாக்டிக், வாரம் ஒருமுறை இருமுறை போதும். ரெட்டினால் பூசும் இரவில் அமிலம் வேண்டாம்.

வெயிலைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். 10 சதவீத கிளைக்காலிக் அமிலத்தை நான்கு வாரம் பூசியவர்களின் தோல், புறஊதாக் கதிரால் சிவக்கும் தன்மை 18 சதவீதம் கூடியதாக அமெரிக்க எஃப்.டி.ஏ. ஆதரவில் நடந்த ஆய்வு காட்டியது. நிறுத்தி ஒரு வாரத்தில் அது பழைய நிலைக்குத் திரும்பியது. முகத்திலோ, வெளியே தெரியும் கையிலோ பூசினால் காலையில் சன்ஸ்கிரீன் கட்டாயம். நம் நிறத்தவர்கள் கவனமாக இருக்க வேறொரு காரணமும் உண்டு. மாநிறத் தோலில் எந்த எரிச்சல் வந்தாலும், அது ஆறிய இடத்தில் கறுப்பு நிற்கும், மாதக்கணக்கில் போகாது. வெள்ளைத் தோல்காரர்கள் இணையத்தில் காட்டும் வேகத்தை நாம் பின்பற்றக் கூடாது என்று நான் சொல்வது அதனால்.

உதிர்வதெல்லாம் வறட்சியும் இல்லை. புருவத்திலும் மூக்கோரத்திலும் மஞ்சள் கலந்த பிசுபிசுப்பான செதில் என்றால் பொடுகின் உறவுக்கார நோய் அது, பூஞ்சைக்கான மருந்துதான் கேட்கும். வட்டமாகப் படர்ந்து, ஓரம் தடித்து அரித்தால் படர்தாமரை. முழங்கை, முழங்கால் மேட்டில் வெள்ளிபோல் தடித்த செதில் என்றால் சோரியாசிஸாக இருக்கலாம். ஓரிடத்தில் மட்டும் தோல் வெளிறி, வறண்டு, தொட்டால் உணர்வே குறைவாக இருந்தால் அன்றே அரசு மருத்துவமனைக்குப் போங்கள். தொழுநோய் அப்படித் தொடங்கும், அதற்கான கூட்டு மருந்து அங்கே இலவசம், முழுமையாகக் குணமாகும். திடீரென்று உடம்பு முழுக்க வறட்சி, களைப்பு, எடை கூடுதல் என்றால் தைராய்டு பரிசோதனை.

சிறு வயதிலிருந்தே, அப்பாவுக்கும் பாட்டிக்கும் இருந்ததுபோலவே, காலில் செதில், முழங்கால் மடிப்பில் மட்டும் நல்ல தோல், உள்ளங்கையில் மற்றவர்களைவிட ஆழமான நிறைய ரேகைகள் என்று இருந்தால் அது இக்தியோசிஸ் வல்காரிஸாக இருக்கக்கூடும். சுமார் 250 பேரில் ஒருவருக்கு உண்டு என்று தோல் மருத்துவ நூல்கள் சொல்லும் நோய் இது. பெரும்பாலோர் தங்களுக்கு ‘சொரசொர உடம்பு’ என்று சொல்லிக்கொண்டு வாழ்ந்து முடித்துவிடுகிறார்கள். ஃபிலாக்ரின் என்ற புரதத்துக்கான மரபணுவில் ஏற்படும் மாற்றமே காரணம் என்று 2006இல் கண்டுபிடித்தார்கள். அந்தப் புரதம் உடைந்துதான் தோலின் ஈரப்பிடிப்புக் கலவையின் பெரும்பகுதி உருவாகிறது. சுத்தமாகக் குளிப்பதில்லை என்று பள்ளியில் கேலிக்கு ஆளான பிள்ளைகளில் எத்தனை பேருக்கு இது இருந்திருக்கும் என்று நினைத்தால் மனம் கனக்கிறது. குழந்தைக்கு இப்படி இருந்தால் நீங்களாக அமிலக் கிரீம் வாங்கிப் பூசாதீர்கள், தோல் மருத்துவரிடம் காட்டி, வயதுக்கேற்ற பலத்தில் வாங்குங்கள். கர்ப்பமாக இருப்பவர்களும் கேட்டுக்கொண்டே தொடங்க வேண்டும்.

சர்க்கரை நோயுள்ளவர்கள் பாதத்தில் மிகவும் கவனமாக இருக்க வேண்டும். கடையில் விற்கும் கால் ஆணிப் பட்டைகளில் சாலிசிலிக் அமிலம் 40 சதவீதம் வரை இருக்கும். உணர்வு மங்கிய பாதத்தில் அது நல்ல தோலையும் அரித்துப் புண்ணாக்கினால் வலி தெரியாது. அவர்களுக்கு யூரியா 10 சதவீதக் கிரீம் போதும், விரல் இடுக்குகளை விட்டுவிட்டுப் பூச வேண்டும்.

செதில் இறங்கிக் கால் வழவழப்பானதும் ஒரேயடியாக நிறுத்திவிடாதீர்கள். பிணைப்புகளை அறுக்கும் வேலையைத் தோல் மறுபடி தானாகச் செய்யும் அளவுக்கு ஈரம் நிற்க வேண்டும், அதுவரை செதில் திரும்பி வந்துகொண்டுதான் இருக்கும். வாரம் இரண்டு இரவு அமிலக் கிரீம், மற்ற நாட்களில் சாதாரண மாய்ஸ்சரைசரோ எண்ணெயோ என்று குறைத்துக்கொள்ளலாம். பங்குனி வெயிலில் வியர்வை வரத் தொடங்கினால் பலருக்கு எதுவுமே தேவைப்படாது. ஐப்பசி மழை ஓய்ந்து வாடை வீசத் தொடங்கும்போது, கால் வெளுப்பதற்கு முன்பே, டியூபைத் திறந்துவிடுங்கள்.